மரியஜார்: ஒரு வினையும் அதன் சுற்றமும்

'கணவன்' என்ற உறவைத் திருப்பிப் போட்டால் 'மனைவி' வரும். 'துணைவர்' என்ற உறவைத் திருப்பிப் போட்டால் மறுபடியும் 'துணைவர்'தான் வரும். முதல் உறவில் இருவரும் இடம் மாறினால் பெயரும் மாறிவிடுகிறது. இரண்டாவதில் இடம் மாறினாலும் பெயர் அப்படியே நிற்கிறது. இந்த இரண்டாவது வகையைத்தான் கணிதத்தில் சமச்சீர்த் தொடர்பு என்று படிக்கிறோம்.

பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1918இல் பிரிக்ஸ்டன் சிறையில் இருந்தபோது எழுதி, 1919இல் வெளியிட்ட கணிதத் தத்துவ அறிமுக நூலில் இந்த இரண்டு உறவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார். 'துணைவர்' என்ற பொது உறவு கையில் இருந்தால் போதும், 'கணவன்' என்ற உறவை அதிலிருந்தே செய்துகொள்ளலாம் என்பது அவர் காட்டும் வழி. அதை இரண்டு விதமாகச் செய்யலாம். துணைவராக இருப்பவர்களில் ஆண்களை மட்டும் பிரித்தெடுப்பது ஒன்று. யாருக்குத் துணைவரோ அந்த எதிர்ப்பக்கத்தில் பெண்களை மட்டும் பிரித்தெடுப்பது மற்றொன்று. பொதுவானதை முதலில் வைத்து, குறுகலானதை அதிலிருந்து வருவிப்பதே இதன் சாரம்.

ரஸ்ஸலின் நூல் அச்சேறுவதற்கு முன்பே பிறந்துவிட்ட ஒரு மொழி, இதே செயலைத் தன் விகுதிகளால் செய்கிறது. அதன் பெயர் இடோ. ஒரு மொழியின் சொல்லாக்க விதிகளைச் சோதித்துப் பார்க்கத் திருமணத்தைவிடக் கடினமான களம் அரிது. ஒரு நிகழ்ச்சி, ஒரு நிலை, இரண்டு ஆட்கள், அவர்களைச் சேர்த்துவைக்கும் மூன்றாம் ஆள், புதிதாக முளைக்கும் உறவினர்கள், சில வேளை முறிவு, சில வேளை மறுமணம் என்று அத்தனைக்கும் சொல் வேண்டும். இந்த அத்தியாயத்தில் இடோவின் 'மரியஜார்' என்ற வினைச்சொல்லையும் அதைச் சுற்றியுள்ள சொற்களையும் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

தர்க்கவியலாளர் செய்த மொழி

போலந்தின் வார்சாவில் 1887இல் லூட்விக் சாமன்ஹாஃப் என்ற கண் மருத்துவர், உலகப் பொதுமொழியாகத் தாமே படைத்த எஸ்பெராண்டோவை வெளியிட்டார். அதற்கு முன்பே, 1879இல், ஜெர்மானியக் கத்தோலிக்கப் பாதிரியார் யோஹான் மார்ட்டின் ஷ்லையர் வோலாபூக் என்ற மொழியைப் படைத்திருந்தார். நூற்றாண்டு திரும்பும்போது இப்படிப் பல திட்டங்கள் மேசையில் இருந்தன. எது உலகப் பொதுமொழியாகத் தகுந்தது என்று முடிவு செய்ய, 1901இல் பாரிஸில் ஒரு தூதுக்குழு அமைந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் முதன்மையானவர் லூயி கூத்யூரா.

கூத்யூரா அடிப்படையில் ஒரு தர்க்கவியலாளர். லைப்னிட்ஸின் தர்க்கத்தைப் பற்றி 1901இல் பெரிய நூல் எழுதியவர். கையெழுத்துப் பிரதிகளாகக் கிடந்த லைப்னிட்ஸின் எழுத்துகளைத் தேடி 1903இல் பதிப்பித்தவர். ரஸ்ஸலோடு பல ஆண்டுகள் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். எண்ணங்களை அடிப்படைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு குறி கொடுத்துவிட்டால், சிந்தனையைக் கணக்குப் போலச் செய்யலாம் என்று லைப்னிட்ஸ் கண்ட கனவு அவரைப் பற்றியிருந்தது. ஒரு மனித மொழி அந்த அளவுக்குப் போக முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் சொல்லாக்கத்திலாவது அதை நெருங்கலாம் என்று நம்பினார்.

1907 அக்டோபரில் தூதுக்குழுவின் செயற்குழு பாரிஸின் கொலேஜ் த பிரான்சில் கூடியது. வேதியியலாளர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்டும் டென்மார்க்கின் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பெர்சனும் அதில் இருந்தார்கள். எஸ்பெராண்டோவை ஏற்கலாம், ஆனால் சில திருத்தங்களோடு என்று குழு முடிவெடுத்தது. அந்தத் திருத்தங்களின் வரைவு 'இடோ' என்ற புனைபெயரில் குழுவின் முன் வைக்கப்பட்டிருந்தது. 'வழித்தோன்றல்' என்று பொருள். எஸ்பெராண்டோ இயக்கம் திருத்தங்களை ஏற்கவில்லை. அதனால் புனைபெயரே ஒரு தனி மொழியின் பெயராயிற்று.

சண்டை பெரும்பாலும் எழுத்துகளைப் பற்றியும் பன்மை விகுதியைப் பற்றியும் நடந்ததாகப் பலர் எழுதுவார்கள். கூத்யூராவுக்கு உயிர்ப் பிரச்சினை வேறு. ஒரு வேரிலிருந்து இன்னொரு சொல் எப்படிப் பிறக்கிறது என்பதே அது.

போன வழியே திரும்பி வர வேண்டும்

பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பிரிக்கத் தமிழ் வகுப்பில் பழகியிருக்கிறோம். இடோவின் சொற்களையும் அப்படிப் பிரிக்கலாம். சந்தியும் விகாரமும் அங்கே இல்லை. வேர் எங்கே போனாலும் உருமாறாது. ஒவ்வொரு ஒட்டும் தனக்கென்று ஒதுக்கிய பொருளையே தரும்.

கூத்யூரா இதன்மேல் இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தார். அதை மீள்தன்மை விதி எனலாம். ஒரு சொல்லிலிருந்து விகுதியை மாற்றி இன்னொரு சொல்லுக்குப் போனால், அதே வழியில் திரும்பி வரும்போது புறப்பட்ட பொருளுக்கே வந்து சேர வேண்டும்.

எஸ்பெராண்டோவில் 'க்ரோனோ' என்றால் மகுடம். முடிவிலுள்ள பெயர்ச்சொல் விகுதியான ஓகாரத்தை எடுத்துவிட்டு வினை விகுதியான இகரத்தைச் சேர்த்தால் 'க்ரோனி', அதாவது மகுடம் சூட்டு. இப்போது அந்த வினையிலிருந்து பெயர்ச்சொல் செய்வோம். மகுடம் சூட்டும் செயலைக் குறிக்க வேண்டிய சொல் மறுபடியும் 'க்ரோனோ' என்றே வந்து நிற்கும். ஆனால் அது மகுடத்தின் பெயர் ஆயிற்றே! இந்த இக்கட்டைத் தவிர்க்க எஸ்பெராண்டோ வேறொரு ஒட்டைச் சேர்த்துச் சமாளிக்கிறது. கூத்யூராவுக்கு அது போதவில்லை. இடோவில் மகுடம் 'க்ரோனோ'. 'ஒன்றை அணிவி, ஒன்றால் நிரப்பு' என்ற பொருள் தரும் 'இஸ்' என்ற ஒட்டைச் சேர்த்தால் 'க்ரோனிசார்', மகுடம் சூட்டு. அதன் பெயர்ச்சொல் 'க்ரோனிசோ', முடிசூட்டுதல். பொருளுக்கு ஒரு பெயர், செயலுக்கு வேறொரு பெயர். வழி தவறாது.

சுத்தியலிலும் இதே கதைதான். 'மார்ட்டேலோ' சுத்தியல். அந்தக் கருவியால் செய்யும் வேலையைச் சொல்ல 'அக்' என்ற ஒட்டு வேண்டும்: 'மார்ட்டேலகார்'. கருவியையும் வேலையையும் ஒரே வேரில் குழப்பிவிடக் கூடாது என்பதில் இடோ கண்டிப்பானது.

ஆகவே இடோவில் எந்தச் சொற்குடும்பத்தைத் தொடங்கும்போதும் முதல் கேள்வி ஒன்றுதான். இந்த வேர் எதைக் குறிக்கிறது? ஒரு பொருளையா, ஓர் ஆளையா, ஒரு செயலையா?

ஆளிலிருந்து செயலா, செயல் தனியா?

திருமணத்தில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. சாமன்ஹாஃப் ஆளிலிருந்து தொடங்கினார். எஸ்பெராண்டோவில் 'எட்ஸோ' என்றால் கணவன். பெண்பால் ஒட்டான 'இன்' சேர்ந்தால் 'எட்ஸீனோ', மனைவி. 'ஆகு' என்று பொருள்படும் ஒட்டைக் கணவனோடு சேர்த்தால் 'எட்ஸீஜி'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் கணவனாகு என்று பொருள். ஒரு பெண் மணம் செய்துகொள்வதை அப்படிச் சொல்ல முடியாது. அவளுக்கு 'எட்ஸினீஜி', மனைவியாகு. இருவரையும் சேர்த்துச் சொல்ல, இரு பாலரையும் குறிக்கும் 'கெ' என்ற முன்னொட்டு வேண்டும்: 'கெஎட்ஸீஜி'.

ஒரே நிகழ்ச்சிக்கு மூன்று வினைகள் வந்துவிட்டன. யார் பார்வையிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து வினை மாறுகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் கணவன் இருக்கிறான். மனைவி அவனிலிருந்து வருவிக்கப்படுகிறாள். திருமணம் என்பதும் ஒருவர் கணவனாவது அல்லது மனைவியாவது என்றே வரையறை பெறுகிறது. 1887இல் ஐரோப்பாவின் பெரும்பாலான சட்டங்களும் கணவனையே முன்னால் வைத்தன. சாமன்ஹாஃப் தன் காலத்தின் பழக்கத்தை அப்படியே வேரில் நட்டார். விதிகள் ஒழுங்காக வேலை செய்தன. விதிகள் எதிலிருந்து புறப்பட்டனவோ அந்த இடம்தான் ஒருபக்கம் சாய்ந்திருந்தது.

இடோ நிகழ்ச்சியையும் ஆட்களையும் இரண்டு தனி வேர்களாகப் பிரித்தது. நிகழ்ச்சிக்கு 'மரியஜ்'. ஆளுக்கு 'ஸ்போஸ்'. இங்கே ஜகரத்தை பிரெஞ்சுக்காரர்கள் சொல்வதுபோல் மெல்ல உரசிச் சொல்ல வேண்டும். ஒரு சொல் எத்தனை பேருக்கு முன்பே அறிமுகமாகியிருக்கும் என்று ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ், ரஷ்யன் ஆகிய ஆறு மொழிகளை வைத்து எடைபோட்டுத்தான் இடோவின் வேர்களைத் தேர்ந்தார்கள். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளும் வேர் 'மரியஜ்'.

வினையின் வரிசை

'மரியஜ்' வினை வேர். 'ஆர்' சேர்ந்தால் வினையின் பொது வடிவம்: மரியஜார், மணத்தல். இடோவின் வினைகளில் ஆளுக்கேற்ற விகுதி கிடையாது. நான், நீ, அவர்கள் எல்லோருக்கும் ஒரே வடிவம். காலம் மட்டும் மாறும். மரியஜஸ் நிகழ்காலம், மரியஜிஸ் இறந்தகாலம், மரியஜோஸ் எதிர்காலம், 'மணந்தால்' என்ற நிபந்தனைப் பொருளுக்கு மரியஜுஸ், ஏவலுக்கு மரியஜெஸ். எந்த விதிவிலக்கும் இல்லாமல் எல்லா வினைகளுக்கும் இதே வாய்பாடு.

பெயர்ச்சொல் விகுதி சேர்ந்தால் மரியஜோ. வேர் செயலைக் குறிப்பதால், மீள்தன்மை விதிப்படி மரியஜோ என்பதும் அந்தச் செயலையே குறிக்கும். மணம் நடப்பது என்ற நிகழ்ச்சி அது. மணமான பிறகு இருவரும் வாழும் நிலை வேறு. அதைச் சொல்ல ஆள் வேரான 'ஸ்போஸ்' பக்கம் போக வேண்டும். 'தன்மை, நிலை' என்று பொருள்படும் 'எஸ்' ஒட்டைச் சேர்த்தால் ஸ்போசெசோ, துணைவராக இருக்கும் நிலை. ஒரு நாளில் முடியும் சடங்கையும் பல ஆண்டு நீளும் வாழ்க்கையையும் இடோ இப்படித் தனித்தனிப் பெட்டியில் வைக்கிறது.

அதே 'எஸ்' வினை வேரோடு சேர்ந்தால் செயப்பாட்டுவினை ஆகும்: மரியஜெசார், மணமுடிக்கப்படுதல். மணமானவர் என்ற நிலையைச் சொல்ல இறந்தகாலச் செயப்பாட்டு எச்சம் உதவுகிறது: மரியஜிட்டா. 'மே ஏசஸ் மரியஜிட்டா' என்றால் எனக்கு மணமாகிவிட்டது என்று பொருள். சொல்பவர் ஆணா பெண்ணா என்று அந்த வாக்கியம் காட்டாது. இதே எச்சத்தில் உயிரெழுத்தை மட்டும் மாற்றினால் காலம் மாறும். மரியஜாட்டா என்றால் இப்போது மணமுடிக்கப்படுகிற, மரியஜோட்டா என்றால் இனி மணமுடிக்கப்பட இருக்கிற. நிச்சயம் ஆகி முகூர்த்தத்துக்குக் காத்திருப்பவரை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்.

இனி விகுதிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். 'சார்ந்த' என்ற பொருளுக்கு 'அல்': மரியஜாலா, திருமணம் சார்ந்த. 'கூடிய' என்பதற்கு 'எப்ல்': மரியஜெப்லா, மணம் செய்துகொள்ளக்கூடிய. 'தகுந்த' என்பதற்கு 'இந்த்': மரியஜிந்தா. 'நாட்டமுள்ள' என்பதற்கு 'எம்': மரியஜேமா. 'மறுபடி' என்பதற்கு முன்னால் 'ரி': ரிமரியஜார், மறுமணம் செய்தல். இவற்றில் சில அன்றாடம் வழங்குபவை, சில யாருக்காவது தேவைப்படும் நாளில் பிறப்பவை. ஆனால் எதையும் அகராதியில் தேட வேண்டியதில்லை. பதினைந்து இருபது ஒட்டுகளைக் கற்றவருக்கு இந்தக் குடும்பம் முழுவதும் தானாகவே கைக்கு வந்துவிடும். 1951இல் வெளிவந்த இன்டர்லிங்குவா என்ற படைப்பு மொழி வேறு வழியில் சென்றது. ஐரோப்பிய மொழிகளில் சொற்கள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே எடுத்துக்கொண்டது. அங்கே வினை 'மரிட்டார்', பெயர் 'மரிட்டாஜெ', கணவன் 'மரிட்டோ', கூடவே 'மாட்ரிமோனியோ' என்று இன்னொரு வேரும் உண்டு. ஐரோப்பியர் கண்ணுக்கு அது இயல்பாகத் தெரியும். ஆனால் ஒரு சொல்லிலிருந்து அடுத்ததை ஊகிக்கும் சுகம் அங்கே குறைவு.

ஸ்போசோ, ஸ்போசுலோ, ஸ்போசினோ

இப்போது ரஸ்ஸலின் கணக்குக்குத் திரும்பலாம். இடோவில் 'ஸ்போசோ' என்றால் துணைவர், அவ்வளவுதான். ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. 'ஸ்போசி' என்றால் தம்பதியர். ஆண் என்று சொல்ல வேண்டிய தேவை வந்தால் 'உல்' சேரும்: ஸ்போசுலோ, கணவன். பெண் என்று சொல்ல வேண்டுமானால் 'இன்': ஸ்போசினோ, மனைவி. இரண்டுமே பொது வேரிலிருந்து ஒரே தொலைவில் நிற்கின்றன. மனைவி கணவனிலிருந்து வரவில்லை. இருவரும் 'துணைவர்' என்ற சமச்சீர் உறவிலிருந்து வருகிறார்கள். கணவனையோ மனைவியையோ இழந்தவர் 'வித்வோ'. அதிலிருந்து வித்வுலோ, வித்வினோ. மணமாகாதவர் 'ட்செலிபோ', அதுவும் இருபாலருக்கும் பொதுவே. படர்க்கைப் பெயரிலும் இடோவுக்கு 'லு' என்ற பொதுப்பால் சொல் இருப்பதால், 'லுஆ ஸ்போசோ' என்றால் அவருடைய துணைவர். இருவரில் எவருடைய பாலும் வெளியே வராது.

இது நாகரிகத்துக்காகச் செய்த ஏற்பாடு மட்டும் அல்ல. மீள்தன்மை விதியைத் தேடிய அதே மனம் இங்கேயும் வேலை செய்திருக்கிறது. ஒரு ஒட்டு ஒரு தகவலைச் சேர்க்க வேண்டும். ஒட்டு இல்லாத வேரில் அந்தத் தகவல் இருக்கக் கூடாது. எஸ்பெராண்டோவின் 'எட்ஸோ'வில் ஆண் என்ற தகவல் ஒட்டில்லாமலே ஒளிந்திருந்தது. தர்க்கம் படித்தவர்களுக்கு அது கணக்கில் எழுதாமல் விட்ட ஒரு தொகை. திருத்தப்பட்ட வோலாபூக்கும் இதை உணர்ந்திருந்தது. அங்கே துணைவர் 'மாட்டான்', முன்னொட்டு சேர்ந்து கணவன் 'ஹிமாட்டான்', மனைவி 'ஷிமாட்டான்'. யெஸ்பெர்சன் 1928இல் தானே படைத்த நோவியாலில் ஆண், பெண், பொது மூன்றுக்கும் மூன்று உயிரெழுத்து விகுதிகள் வைத்தார்.

இந்த அமைப்பின் பலன் ஒரு நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது. 2001 ஏப்ரல் 1 அன்று நெதர்லாந்தில் ஒரே பாலினத்தவர் மணம் செய்துகொள்ளும் உரிமை சட்டமாயிற்று. அதன்பின் பல நாடுகள் அந்த வழியில் வந்தன. ரஸ்ஸல் சொன்ன இரண்டு வழிகளையும் இப்போது மறுபடி பாருங்கள். துணைவர்களில் ஆண்களைப் பிரிப்பதும், எதிர்ப்பக்கத்தில் பெண்களைப் பிரிப்பதும் ஒரே விடையைத் தரும் என்றால், ஒவ்வொரு இணையிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும். அந்த நிபந்தனை தளர்ந்த இடத்தில் இரண்டு வழிகளும் பிரிந்துவிடுகின்றன. இடோவின் 'உல்' ஒட்டு முதல் வழியைச் சேர்ந்தது. பெயர் சொல்லப்படும் ஆள் ஆண் என்பதை மட்டுமே அது சொல்கிறது, எதிரில் இருப்பவர் யார் என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதனால் இரண்டு ஆண்கள் மணந்தால் இருவரும் ஸ்போசுலோ. இரண்டு பெண்கள் மணந்தால் இருவரும் ஸ்போசினோ. இருவரும் சேர்ந்து ஸ்போசி. மரியஜார் என்ற வினையிலும் ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை. எஸ்பெராண்டோ பேசுகிறவர்களில் சிலர் இன்று 'எட்ஸோ'வைப் பொதுச்சொல்லாக்கி, ஆண்பாலுக்கென்று புதிதாக ஓர் ஒட்டைச் சேர்க்கலாம் என்று வாதாடுகிறார்கள். வேருக்குள் ஒளிந்த தகவலைப் பிறகு வெளியே எடுப்பது எவ்வளவு சிரமம் என்பதற்கு அந்த விவாதமே சான்று.

விலையும் எல்லையும்

இந்தத் துல்லியத்துக்கு ஒரு விலை உண்டு. எஸ்பெராண்டோ 'எட்ஸ்' என்ற ஒரே வேரில் கணவன், மனைவி, திருமணம், மணமுறிவு எல்லாவற்றையும் கட்டிவிடும். இடோவில் மணத்தலுக்கு ஒரு வேர், துணைவருக்கு ஒரு வேர், மணமுறிவுக்கு 'டிவோர்ட்சார்' என்று இன்னொரு வேர். கற்பவர் அதிக வேர்களை மனப்பாடம் செய்ய வேண்டும். மேலும் இடோவில் 'அஜ்' என்று ஒரு விகுதி உண்டு. ஒன்றால் ஆன பொருளையோ செயலின் விளைபொருளையோ அது குறிக்கும். புதிதாகக் கற்பவர் 'மரியஜோ'வைப் பார்த்து, 'மரி' என்ற வேரும் 'அஜ்' விகுதியும் சேர்ந்தது என்று பிரிக்கப் பார்ப்பார். கடல்கள் என்பதற்கு இடோவில் 'மரி' என்றே சொல் இருப்பது குழப்பத்தைக் கூட்டும். உண்மையில் மரியஜ் முழுவதும் பகாத ஒரே வேர். இயற்கை மொழிகளிலிருந்து வேரை எடுத்தால், அந்த மொழிகளின் பழைய விகுதிகளும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன.

இதைவிட ஆழமான எல்லை உறவினர் சொற்களில் இருக்கிறது. திருமணத்தால் வரும் உறவுக்கு இடோவில் 'போ' என்ற முன்னொட்டு: போபாட்ரோ மாமனார், போமாட்ரோ மாமியார், போஃப்ராட்டுலோ, போஃப்ராட்டினோ. விதி அழகானது. ஆனால் போஃப்ராட்டினோ என்ற ஒரே சொல்லுக்குள் நாத்தனார், கொழுந்தியாள், அண்ணி, தம்பி மனைவி அத்தனை பேரும் அடங்கிவிடுகிறார்கள். சம்பந்திக்குத் தனி இடமே இல்லை. ஆறு ஐரோப்பிய மொழிகளில் எது பொதுவோ அதையே 'சர்வதேசம்' என்று எடுத்ததன் விளைவு இது. உறவுமுறைச் சொற்கள் சமூகத்துக்குச் சமூகம் அடிப்படையிலேயே மாறும் என்பது அப்போது அறியப்படாத செய்தி அல்ல. அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை ஆய்வில், ஐரோப்பிய முறைக்கு மாறான அமைப்புகளுக்குச் சான்றாகத் தமிழின் உறவுச் சொற்களை விரிவாகப் பட்டியலிட்டிருந்தார். தாயின் உடன்பிறந்தவனும் மாமன், பெண் கொடுத்தவரும் மாமனார் என்பது ஒரு தனித் தர்க்கம். 'போ' என்ற முன்னொட்டால் அந்தத் தர்க்கத்தைத் தொட முடியாது. விதிகளின் ஒழுங்கு வேறு, வேர்களின் நடுநிலை வேறு. முன்னதில் வென்ற இடோ, பின்னதில் பாதி தூரமே வந்தது.

அந்த மீதித் தூரத்தை நடக்கக் கூத்யூராவுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஜெர்மனி பிரான்ஸின்மேல் போர் அறிவித்த 1914 ஆகஸ்ட் 3 அன்று, படைதிரட்டல் உத்தரவுகளைச் சுமந்து விரைந்த ஒரு வண்டி அவர் சென்ற வண்டியில் மோதியதில் அவர் உயிரிழந்தார். நாடுகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள ஒரு மொழி வேண்டும் என்று உழைத்தவர், போரின் முதல் நாளிலேயே அதற்குப் பலியானார். இடோ இயக்கம் அந்த இழப்பிலிருந்து முழுதாக மீளவில்லை. இன்று அதைப் பேசுவோர் மிகச் சிலரே.

பேசுவோர் எண்ணிக்கையை வைத்து மட்டும் ஒரு படைப்பு மொழியை மதிப்பிட்டால் நாம் பெரிய செல்வத்தை இழக்கிறோம். இயற்கை மொழிகளில் சொற்கள் எப்படிப் பிறந்தன என்பதைப் பெரும்பாலும் தடயங்களைக் கொண்டே ஊகிக்க வேண்டியிருக்கிறது. படைப்பு மொழிகளில் அந்த முடிவுகளை எடுத்தவர் யார், ஏன் எடுத்தார், எதை மறுத்தார் என்ற குறிப்புகள் நம் கையில் இருக்கின்றன. அவை மொழியியலின் ஆய்வுக்கூடங்கள். மரியஜார் என்ற வினையும் அதன் சுற்றமும் காட்டும் முடிவு தெளிவானது. வேரில் எதை வைக்கிறோமோ அதுவே அந்த மொழியின் முன்முடிவு ஆகிறது, எத்தனை ஒழுங்கான விகுதிகள் வந்தாலும் அதை அவை திருத்த முடியாது. பொதுவானதை வேரில் வைத்து, குறுகலானதை ஒட்டுக்கு விட்டால், அதைப் படைத்தவர்கள் கற்பனை செய்யாத ஒரு காலத்திலும் அந்தச் சொல் நேர்மையாக வேலை செய்யும். அகராதி எழுதுகிறவருக்கும், கலைச்சொல் ஆக்குகிறவருக்கும், படிவம் தயாரிக்கும் அரசு அலுவலருக்கும் இந்தப் பாடம் ஒருசேரப் பொருந்தும்.